பிறைமர் ஏற்றும் கை

எமில்டாவின் வலது பெருவிரல் முதன்முதலாகப் பூட்டிக்கொண்டது ஒரு கலியாணப் பெண்ணின் புருவத்துக்கு மேலேதான்.

வோபர்னில், சரக்குக் கடைக்கும் பயண முகவர் கந்தோருக்கும் நடுவில் இருக்கிற துவாரகாவின் பியூட்டி பாலரில் எமில்டா நூல் பிடிக்கிறவள். ஒரு நுனி பல்லில், மற்றது இரண்டு கைகளிலும், நடுவில் முறுக்கு. விரல் விரிந்து சுருங்குகிற வேகத்தில் மயிர் வேரோடு வந்துவிடும். கதிரையில் சாய்ந்த பெண்கள் சிலர் பாதியில் நித்திரையாகி விடுவதும் உண்டு. மல்வேர்னிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள்கூட, "எமில்டா அன்ரி இருக்கிறாவோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றுவார்கள்.

அன்று சுருங்கிய விரல் திரும்ப விரியவில்லை. முறுக்கு ஓரிடத்தில் நின்று தோலை அறுத்தது. ஒரு சொட்டு இரத்தம்தான். ஆனால் அடுத்த நாள் கலியாணம். பெண்ணின் தாய் கடை முழுக்கக் கேட்கக் கத்தினாள். துவாரகா ஓடி வந்து, பஞ்சை வைத்து அழுத்தி, காசு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"அன்ரி, இண்டைக்கு நீங்கள் துவாய் மடியுங்கோ. நான் பாக்கிறன்."

"விரல் ஒருக்கா இறுகிப்போட்டுது பிள்ளை. இப்ப சரி."

"நோ நோ, இற்ஸ் ஓகே. ஏஜ் ஆகுதெல்லே."

எமில்டாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. வயதால் வந்ததில்லை இது என்று அவளுக்குத் தெரியும். துவாய் மடிக்கும்போது பெருவிரலை மற்றக் கையால் பிடித்து நிமிர்த்தினாள். உள்ளே ஏதோ நரம்பு 'டக்'கென்று தாண்டியது.

அவளுடைய கணவன் சீமோன் பிறம்ரனில் ஒரு பெரிய கிடங்கில், எந்த லொறி எந்த வாசலில் நிற்பது என்று பிரித்துக் கொடுக்கிறவன். கிடங்கில் அறிமுகமான நவரட்ணத்தோடு சேர்ந்து, நகரத்துக்கு வெளியே இருக்கிற ஒரு துவக்குச் சுடும் கிளப்பில் அங்கத்தவனானான். லைசென்ஸ், வகுப்பு, பூட்டு, பெட்டி எல்லாம் ஒழுங்காக எடுத்தான். பூசைக்கு வருகிற சனம், "அங்க ஊரில துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவை, இஞ்ச காசு குடுத்தெல்லே சுடினம்" என்று பகிடி பண்ணியது. சீமோனுக்கு அது ஏறவில்லை. தூரத்து வெள்ளைத் தாளின் கறுப்பு வட்டத்துக்குள் துளை விழ வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

கடைச் சன்னங்கள் சரியில்லை என்று நவரட்ணம் சொல்லிக் கொடுத்த பிறகு, சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வந்து வீட்டில் திரும்ப நிரப்பத் தொடங்கினான். மல்வேர்ன் வீட்டின் பேஸ்மென்றில் ஒரு மேசை, தராசு, வெடிமருந்து, சன்னம். இந்த வேலையில் எல்லாவற்றையும்விடச் சின்னச் சாமான் பிறைமர். பருப்பளவு உலோகத் தொப்பி. கோதின் அடியில் இருக்கிற குழியில் அதை அழுத்திப் பொருத்த வேண்டும். துவக்கின் ஊசி அதில் தட்டினால்தான் உள்ளே மருந்து பற்றும். மேலே துருத்தினாலும் பிழை, நசிந்தாலும் பிழை.

சீமோனுடைய விரல்கள் தடித்தவை, பொறுமை மெல்லியது. கோதைப் பிடியில் முழுக்க இருத்துவதற்கு முன்னரே அழுத்துவான். தொப்பி சரிந்து நசியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூஷணத்தோடு மேலே வந்தான். எமில்டா ரீவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச, உன்ர கை சும்மாதானே கிடக்கு. இதை ஒருக்கா அமத்து பாப்பம்."

அவன் நீட்டியது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கைக்கருவி. ஒரு பக்கம் பிறைமர் கிடக்கிற வட்டத் தட்டு, மறுபக்கம் பெருவிரலால் அழுத்துகிற நெம்புகோல். நூல் பிடித்த கைக்கு அது கொஞ்சத்தில் பிடிபட்டுவிட்டது. தொப்பி குழிக்குள் வழுக்கிப் போவதும், அடியில் போய் முட்டுவதும், முட்டிய பிறகு இன்னும் ஒரு பொட்டு அமர்வதும் அவளுடைய விரலுக்குத் தெரிந்தன. அமர்ந்ததும் கோதின் அடியை விரல் நுனியால் தடவிப் பார்ப்பாள். மயிரளவு உள்ளே இருக்க வேண்டும். இருந்தது.

"முதல் ஒரு முட்டு முட்டும். பிறகு ஒரு இருப்பு இருக்கும். அதோட விட்டிட வேணும்" என்று அவள்தான் சொன்னாள்.

தொடக்கத்தில் அவளுக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்லக்கூடாது. "ஒண்டும் பிழைக்கேல்லை எமில்டா" என்று அவன் கிளப்பிலிருந்து பாதணியோடு உள்ளே வருகிற நாட்களில், அவள் மீன் குழம்பை இன்னொரு முறை சூடாக்குவாள். பிறகு அது பழக்கமாயிற்று. பழக்கம் கடமையாயிற்று. ஞாயிறு பூசை, சமையல், பிறைமர். கிளப்பில் சீமோனுக்குப் பெயர் வந்தது. புதிதாகச் சேர்கிறவர்கள் எந்தக் கருவி வாங்கலாம் என்று அவனிடம்தான் கேட்டார்கள். "முதல் முட்டு, பிறகு இருப்பு" என்று அவன் விளக்கம் கொடுப்பதை ஒரு கோடைகால விருந்தில், கட்லெட் தட்டோடு நின்ற எமில்டா தன் காதாலேயே கேட்டாள். சிரித்துக்கொண்டே கட்லெட்டை நீட்டினாள்.

கலியாணப் பெண்ணின் புருவம் அறுந்த கிழமை அவள் குடும்ப டொக்டரிடம் போனாள். தமிழர். விரலை மடக்கி நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "நூல் வேலை மட்டுமோ?" என்று கேட்டார். அவள் மற்றதையும் சொன்னாள்.

"நூலாலை இப்பிடி வராதெண்டில்லை. ஆனா உதுதான் நாசம் பண்ணுது. பெருவிரலாலை அமத்திற வேலையை உடனை விடுங்கோ. விட்டியளெண்டா நூலைக் காப்பாத்தலாம். இல்லாட்டி விரலடியில வெட்டி ஒப்பரேசன் செய்ய வேண்டி வரும். வெட்டினாலும் பழைய விரல் கிடைக்குமெண்டு நான் சொல்லமாட்டன்."

அன்று பின்னேரம் சீமோன் சாப்பிட்டு முடியும்வரை காத்திருந்தாள்.

"நவம் அண்ணை வீட்டில மேசையில பூட்டுறது ஒண்டு கண்டனான். நீளக் கைபிடி. உள்ளங்கையால அமத்தினாக் காணும். அப்பிடி ஒண்டு வாங்குவமே?"

"உது சோம்பேறியளின்ர சாமான்." அவன் பல்லைக் குத்திக்கொண்டிருந்தான். "கைபிடி நீளமெண்டா பலம் கூட, உணர்வு இல்லை. அடியில முட்டினதோ இல்லையோ எண்டு பெருவிரலுக்குத்தான் தெரியும்."

"ஆற்ற பெருவிரலுக்கு?"

"எங்கட பெருவிரலுக்கு."

"டொக்டர் அமத்தக் கூடாதெண்டிட்டார். விரல் போனா துவாரகா கதிரையை வேறை ஆருக்கும் குடுத்துப்போடுவாள்."

"குடுத்தாக் குடுக்கட்டுமன். ஊராக்களின்ர மயிர் பிடுங்கிறதும் ஒரு உத்தியோகமே? நவத்தின்ர ஸ்கோரைப் பார், என்ர ஸ்கோரைப் பார். அதுக்குப் பிறகு மேசைச் சாமானைப் பற்றிக் கதை."

அவன் சிரித்தான். தன் பகிடியை அவனே நன்றாக அனுபவிக்கிறவன். புரட்டாதியில் பெரிய போட்டி இருந்தது. அதில் சரியாகச் சுட்டால் மாகாண அணியில் இடம். கோதுகள் நிறையக் கிடந்தன.

எமில்டா நோவெண்ணெயைத் துணையாக எடுத்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஆரோ கொண்டுவந்து கொடுத்த போத்தல், மண்ணெண்ணெயும் மூலிகையும் கலந்த மணம். பெருவிரலின் அடியில் சூடு பறக்கத் தேய்த்தால் கொஞ்ச நேரம் விரல் சொல்வழி கேட்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஏற்றுவாள். இறுகினால் திரும்பத் தேய்ப்பாள். தட்டில் கவிழ்ந்து கிடக்கிற தொப்பிகளை அதே விரல்களால் நிமிர்த்தியும் வைத்தாள். வடக்கில் பிறந்து எண்ணெயோடு வளர்ந்தவளுக்கு எண்ணெய் எதையும் கெடுக்கும் என்று தோன்றவில்லை. பிறைமருக்கு எண்ணெய் எதிரி என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவுமில்லை. சீமோன் சொல்லியிருக்கலாம். அவன் கேட்டால்தானே, நீ எப்படி ஏற்றுகிறாய் என்று.

போட்டி முடிந்து அவன் வந்தபோது பாதணியைக் கழற்றவில்லை. கையில் சுடப்படாத சன்னங்கள். மேசையில் வரிசையாக நிறுத்தினான்.

"டிக் எண்டுது. ஒண்டும் இல்லை. அடுத்ததை ஏத்தினன். டிக். மூண்டாவதும் டிக். வெள்ளையன்கள் எல்லாம் திரும்பிப் பாக்கிறாங்கள். நவம் பின்னால நிண்டு, 'என்னடா சீமோன், உன்ர கை ராசி எங்க?' எண்டு கேக்கிறான்."

"நான் தடவிப் பாத்துத்தானே..."

"மண." அவன் ஒன்றை அவளுடைய மூக்கடியில் பிடித்தான். "மணந்து பார் எண்டிறன்."

நோவெண்ணெய் மணந்தது.

அவன் அடிக்கவில்லை. சீமோன் அடிக்கிறவன் இல்லை, இத்தனை வருடத்தில் கை நீட்டியதில்லை. போத்தலை எடுத்து வந்து குசினித் தொட்டியில் கவிழ்த்தான். பிறகு தண்ணீரைத் திறந்து, கோப்பை கழுவுகிற சோப்பை அவளுடைய உள்ளங்கையில் ஊற்றி, "கழுவு" என்றான். கழுவினாள். கையைப் பிடித்து மணந்து பார்த்தான். "இன்னும்" என்றான். திரும்பக் கழுவினாள். முதலாம் வகுப்புப் பிள்ளையின் நகம் பார்க்கிற வாத்தி மாதிரி ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தான்.

"நோகுதப்பா."

"நோகட்டும். எண்ணெய் படாமல் நோகட்டும்."

பாலரில் துவாரகா அவளை மேலுதட்டு மயிருக்கு மட்டும் வைத்தாள். புருவம் வேண்டாம் என்றாள். எண்ணெயில்லாத விரல் காலையில் மடங்கினால் மத்தியானம்வரை அப்படியே நின்றது. ஐப்பசி நடுவில், கையில் கருவியோடு எமில்டா பேஸ்மென்றில் அழுதுகொண்டிருப்பதைச் சீமோன் பார்த்தான். கொஞ்ச நேரம் படியில் நின்றான்.

"சரி, வெளிக்கிடு. கடைக்குப் போவம். கையுக்கு ஏத்ததாப் பாத்து எடுப்பம்."

காரில் இருக்கும்போது அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. நெடுஞ்சாலை ஓரக் கடை. கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவன் மூன்று கருவிகளை எடுத்து வைத்தான். இரண்டு கைக்குள் அடங்குகிறவை. மூன்றாவது, மரப் பலகையில் பூட்டி வைத்த மேசைக் கருவி. எமில்டா தயங்கித் தயங்கி அதன் கைபிடியில் உள்ளங்கையை வைத்தாள். அழுத்தினாள். வெற்றுக் கோதுக்குள் ஏதோ போய் அமர்ந்தது. பெருவிரல் காற்றில் சும்மா நின்றது. அவள் இன்னொரு முறை அழுத்தினாள். முட்டும் தெரிந்தது. இருப்பும் தெரிந்தது. உள்ளங்கைக்கும் தெரிகிறதே என்று சீமோனைப் பார்த்தாள்.

ஆர் பாவிக்கப் போகிறீர்கள் என்று கிழவன் ஆங்கிலத்தில் கேட்டான்.

"நான்தான்" என்றான் சீமோன், அதே ஆங்கிலத்தில்.

கிழவன் பலகையை எமில்டாவிடமிருந்து மெல்ல இழுத்து அவன் பக்கம் திருப்பினான். உங்கள் கைக்கு இது நல்லது, பெருவிரல் களைக்காது என்றான்.

"இவனுக்குக் கூடின விலையில விக்கவேணும், அதுக்குக் கதை சொல்லுறான்" என்று சீமோன் தமிழில் சொன்னான். இரண்டாவது கைக்கருவியை எடுத்து எமில்டாவின் இடது உள்ளங்கையில் வைத்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டான். "இது சின்னன். உன்ர இடது கையுக்கு அளவு. இவ்வளவு காலமும் வலது உழைச்சது, இடது சும்மாதானே இருந்தது?"

"இடது கையும் நூல் பிடிக்கிற கைதான்."

"மாறி மாறிச் செய்யன். பாரம் பிரிஞ்சிடும்."

திரும்பும் வழியில் நிறுத்தி, அவளுக்குக் கோப்பியும் டோனட்டும் வாங்கிக் கொடுத்தான். சூடு என்று கடதாசியைச் சுற்றிக் கொடுத்தான். சீமோன் நல்ல மனிசன் என்று சனம் சொல்வதற்கு இப்படியான கோப்பிகள் நிறைய இருந்தன.

மாறி மாறி என்று அவன் சொன்னது, வலது மடங்கினால் இடது என்றாகி, பிறகு இடது மட்டும் என்றாயிற்று. மார்கழி முடிவதற்குள் இடது பெருவிரலும் 'டக்'கென்று தாண்டப் பழகிவிட்டது. இரண்டு கையும் விரியாவிட்டால் நூல் வெறும் நூல்தான். தைப்பொங்கல் கிழமை அவள் பாலருக்குள் நுழைந்தபோது அவளுடைய கதிரையில் ஒரு புதுப் பெட்டை நின்றாள். மார்க்கம் நகரத்துப் பியூட்டி ஸ்கூலில் படித்தவளாம், சுறுசுறுப்பு.

"அன்ரி, நீங்கள் போன் எடுங்கோ. உங்கட குரல் நல்ல ஸ்வீற்" என்றாள் துவாரகா. இரண்டு கிழமைக்குப் பிறகு, போனுக்கு ஆள் தேவையில்லை, எல்லாரும் இப்போது இணையத்தில்தான் நேரம் எடுக்கிறார்கள் என்றாள். கட்டிப்பிடித்து, ஒரு முகக் கிறீம் போத்தலும் கொடுத்து அனுப்பினாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பழைய வாடிக்கைக்காரி, "அன்ரி, இண்டைக்கு நிக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

வலது பெருவிரலின் அடியை மாசியில் வெட்டி ஒப்பரேசன் செய்தார்கள். நிமிர்ந்தது. ஆனால் நுனியில் பஞ்சு சுற்றியது போல ஒரு மரத்த தன்மை. நூலை வைத்தால் நூல் இருப்பது தெரியவில்லை. சிலருக்கு அப்படி வரும் என்று சொன்னார்கள்.

தையல் பிரிக்க முன்னரே சீமோன் மேசைக் கருவியை வாங்கி வந்தான். கடையில் அவள் அழுத்திப் பார்த்த அதே வகை. பேஸ்மென்ற் மேசையில் துளை போட்டு, ஆணி இறுக்கி, துடைத்து, அவளைக் கூப்பிட்டான்.

"பார், இனிப் பெருவிரலே தேவையில்லை. உள்ளங்கை காணும். இந்தப் பங்குனிக்குள்ள ஆயிரம் கோதாவது முடிச்சிட வேணும்."

அவள் இருந்தாள். அழுத்தினாள். கதவைச் சாத்துகிற மாதிரி லேசாக இருந்தது. நோகவே இல்லை. அவ்வளவு லேசாக இருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒன்று, இன்னொன்று என்று அழுத்திக்கொண்டே போனாள். கண்ணீர் வரவில்லை.

அடுத்த ஞாயிறு நவரட்ணம் புதுக் கருவியைப் பார்க்க வந்தார். சீமோனைவிட மூத்தவர், வாய்க்குச் சும்மா இருக்கத் தெரியாதவர். எமில்டா மேசையடியில் இருந்தாள். அவள் ஏதோ தேத்தண்ணீர் கொண்டு வந்தவள் என்ற தோரணையில் சீமோன் அவளை மறைத்து முன்னால் நின்றான்.

"என்னடா இது? பெருவிரலுக்குத்தான் தெரியுமெண்டு ஊருக்கே படிப்பிச்ச நீ, கடைசியில என்ர வழிக்கு வந்திட்டாய்?"

"வயது போகுதெல்லே அண்ணை. பெருவிரல் சரியா நோகத் தொடங்கீட்டுது. காலமையில மடங்கினா விரியாது." சீமோன் தன்னுடைய தடித்த பெருவிரலை மடக்கிக் காட்டினான். முகத்தைச் சுளித்தும் காட்டினான்.

எமில்டா கைபிடியை விட்டாள்.

"நவம் அண்ணை, உந்தப் பிறைமர் எல்லாம் ஏத்தினது நான். தொடக்கத்திலயிருந்து."

நவரட்ணம் வெடித்துச் சிரித்தார். "கேட்டியே சீமோன், தங்கச்சி பகிடி விடுறா!"

"பகிடி இல்லை அண்ணை. முதல் ஒரு முட்டு முட்டும். பிறகு ஒரு இருப்பு. அதோட விட்டிட வேணும்."

"பாரன், மனிசியையும் நல்லாப் பழக்கி வைச்சிருக்கிறாய். அப்பிடியே உன்ர சொல்லு." அவர் குனிந்து அவளுடைய கையைப் பார்த்தார். "இதென்ன தங்கச்சி, விரலில வெட்டு?"

"அது நூல் வேலையால வந்தது" என்றான் சீமோன். "விடு விடெண்டு எத்தனை தரம் சொன்னனான். கேட்டாத்தானே."

"விட்டது நல்லது தங்கச்சி. வீட்டில ஆறுதலா இருங்கோ."

எமில்டா எழும்பினாள். கதிரையைச் சீமோன் பக்கம் தள்ளி வைத்தாள். தட்டில் தொப்பிகள் நிறையக் கிடந்தன.

"இருங்கோ அண்ணை, அவர் இரண்டு மூண்டு ஏத்திக் காட்டுவார். அவற்ற கையால ஏத்திறதை நீங்கள் கண்டதில்லையெல்லே. நான் தேத்தண்ணி கொண்டு வாறன்."

"இப்ப என்னத்துக்கு" என்றான் சீமோன்.

"காட்டன்டா. நானும் பழகுவம்." நவரட்ணம் தன்னுடைய மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

சீமோன் இருந்தான். கோதை எடுத்துப் பிடியில் செருகினான். அரைவாசிதான் போயிருந்தது. எமில்டா அதைப் பார்த்தாள். சொல்லவில்லை. அவன் அழுத்தினான். தொப்பி சரிந்து, வாய் பிளந்த மாதிரி நசிந்து நின்றது.

"உது கோது பிழை" என்று இன்னொன்றை எடுத்தான். அதுவும் சரிந்தது.

நவரட்ணம் நசிந்த கோதுகளில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு சீமோனைப் பார்த்தார். பிறகு படியடியில் நின்ற எமில்டாவின் கையை, இந்த முறை கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கோதை மெல்ல மேசையில் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எமில்டா, இஞ்ச வெளிச்சம் காணாது" என்றான் சீமோன். "எவ்வளவு அமத்த வேணும் இதை?"

"உங்களுக்குத் தெரியுந்தானே" என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள்.

குசினியில் கேத்திலை வைத்தாள். மூடியைத் திறக்க வலது பெருவிரல் உதவவில்லை, மணிக்கட்டால் தட்டித் திறந்தாள். கீழே கைபிடி இறங்கும் சத்தம் வந்தது. மூன்றாவதும் சரிந்துதான் போயிற்று என்று சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. நான்காவதும்.